எள்ளுருண்டையும் எட்டு நாளும்

மாசிக் கும்பிடுக்குப் பன்னெண்டு நாள் இருக்கும்போது எனக்கு எட்டு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. எனக்குக் கவலை வர்றதுக்கு முந்தி எங்க மாமியாருக்கு வந்துருச்சு. அவுக கவலை என்னைப் பத்தி இல்லை, சாமியைப் பத்தி. வருசநாட்டுப் பக்கம் மலையடியில இருக்கு எங்க குலதெய்வம். அங்கன மூத்த மருமக கையாலதான் பொங்கப்பானை ஏறணும். இப்பவே வந்துட்டா அஞ்சாம் நாள் தலைக்கு ஊத்திச் சுத்தமாயிரலாம். பிந்தி வந்தா சரியாக் கும்பிடு அன்னைக்குத்தான் ஒதுங்கி உக்காரணும். அதனால சீக்கிரம் வரவைக்கணும்னு முடிவு பண்ணிட்டாக.

எள்ளுருண்டை பிடிச்சாக. பப்பாளியைத் தட்டுத் தட்டா வெட்டி வச்சாக. நான் முழுங்கி முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான் போவாக.

கல்யாணமாகி ஏழு வருசம். மதுரை வரைக்கும் போய்ப் பாத்தாச்சு, ரெண்டு பேருக்கும் குறை ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாக. முதல்ல எல்லாம் ரெண்டு நாள் தள்ளுனாலே வீடே என் வயித்தைப் பாக்கும். மூணாம் நாள் வந்துரும். பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். போகப் போக எல்லாரும் ஆசையை விட்டாக, நானும் விட்டேன். அதனாலதான் எட்டு நாள் தள்ளியும் எங்க வீட்ல ஒருத்தருக்கும் அந்த நெனப்பே வரலை. எனக்கும் வரலை. சொன்னா வெக்கம், ஆனா அதுதான் நெசம்.

பத்தாம் நாள் அத்தைக்குப் பொறுமை போயிருச்சு. மெடிக்கல்ல வரவைக்கிற மாத்திரை தருவாக, வேலை விட்டு வரும்போது வாங்கிட்டு வான்னு சொன்னாக. போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. என் சேலை, தலைமுடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் அந்த வாசந்தான், எனக்கே அது தெரியறதில்லை. அன்னைக்கு மூட்டையைப் பிரிச்சதும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எல்லாம் அந்தப் பப்பாளி பண்ற வேலைன்னு அத்தையை மனசுக்குள்ள நல்லா வஞ்சுக்கிட்டேன்.

அல்லிநகரத்துல பஸ்ஸை விட்டு இறங்கி மெடிக்கல்ல கேட்டேன். கடையில இருந்த அக்கா மாத்திரையை எடுத்து வச்சாக, ஆனா கையை அதுமேல இருந்து எடுக்கலை. எத்தனை நாளாச்சுன்னு கேட்டாக, பத்துன்னேன். மாசாமாசம் ஒழுங்கா வருமான்னு கேட்டாக, ஒரு நாள் பிசகாதுன்னேன். டெஸ்ட் பண்ணிப் பாத்தியான்னு கேட்டாக. எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு. ஏழு வருசக் கதையையும் நடுக்கடையில வச்சுக் கொட்டிட்டேன். எனக்கெல்லாம் அது இருக்காது, மாத்திரையைக் குடுங்கன்னேன்.

"அதை நீ சொல்லக் கூடாதும்மா, டெஸ்ட் சொல்லட்டும்," அப்படின்னாக.

மனக்கவலை, தூக்கம் கெடறது, தைராய்டு, எதுனாலயும் நாள் தள்ளலாமாம். ஆனா முதல்ல பாக்க வேண்டியது கர்ப்பமான்னுதான், அது தெரியாம மாத்திரையைத் தொடக்கூடாதுன்னாக. காலையில முதல் ஒண்ணுக்குல பாக்கணும். இல்லைன்னு காட்டுனா ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை, அப்பவும் வராட்டி டாக்டர்கிட்ட. மாத்திரையை எடுத்து உள்ள வச்சுட்டு டெஸ்ட் அட்டையை மட்டும் குடுத்தாக. ரொம்பத்தான் பண்றாகன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன்.

மறுநாள் விடியக்காலம் ரெண்டு கோடு விழுந்துச்சு. லைட்டுல பாத்தேன், ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தேன், ரெண்டுதான். வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டுனேன். அவர் அதை வாங்கிப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டார். எனக்குச் சந்தோசத்துக்கு முந்தி அந்த எள்ளும் பப்பாளியும்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே தேனியில டாக்டரம்மாவைப் பாத்தோம். அவுக ரத்தத்தையும் பாத்து உறுதி பண்ணாக. பழுத்த பப்பாளியும் நாலு எள்ளுருண்டையும் ஒண்ணும் பண்ணாதுன்னு சிரிச்சாக. மாத்திரைக் கதையைச் சொன்னதும் அவுக சிரிப்பு நின்னுருச்சு. அந்த மெடிக்கல் அக்காவுக்கு நான் கோயில் கட்டணும்.

வீட்ல சொல்லலை. ஏழு வருசமா என் வயித்தைப் பாத்த சனம் அத்தனையும் கும்பிடுக்கு வரும், அங்கன தெரியட்டும்னு எனக்கு ஒரு வீம்பு. அத்தை கேட்டதுக்கு, "கும்பிடு அன்னைக்கு எனக்கு வராது, எழுதி வேணாத் தாரேன்," அப்படின்னேன். தள்ளிப்போடுற மாத்திரை போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டாக.

கும்பிடு அன்னைக்குப் பொங்கப்பானை என் கையாலதான் ஏறுச்சு. கிழக்காமப் பொங்கி வழிஞ்சுச்சு. முதல் தேங்காயை மூத்த மகன் உடைக்கணும். பூசாரி எடுத்து நீட்டுனார். எங்க வீட்டுக்காரர் அதை வாங்கி, உடைக்காம, தம்பி கையில குடுத்துட்டார்.

எங்க பக்கம் பொண்டாட்டி முழுகாம இருந்தா புருசன் தேங்காய் உடைக்க மாட்டான். அது அந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும்.

"ஏலே, நீ உடைக்காம அவன்கிட்ட எதுக்குக் குடுக்குற," அப்படின்னு ஆரம்பிச்ச அத்தை பாதியில நின்னுட்டாக. என்னைப் பாத்தாக. விரலை மடக்கி நாளை எண்ணுனாக. மூஞ்சி வெளிறிப் போச்சு.

"ஆத்தா, அந்த எள்ளுருண்டையை நெசமாவே முழுங்குனியா?"

"எல்லாத்தையும் தின்னேன் அத்தை. எம்பிள்ளை அசையலை," அப்படின்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

முதல் குலவை அத்தைதான் போட்டாக. அழுதுக்கிட்டே போட்டாக.