தேசிக்காய் உருண்ட பக்கம்

சவர்க்காரமும் பாசியும் கலந்த வாசம் எங்கே வந்தாலும் கையில் தண்ணீர் தள்ளுகிற தும்புத்தடியோடு நின்ற நினைவுதான் எனக்கு வரும். கோப்பாயில், அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த இரண்டு காணிகளுக்கும் நடுவில் ஒரு "பங்குக்கிணறு" இருந்தது; குளிக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கத்து வாழைதான் கோடையில் பச்சையாக நிற்கும்.

கிணற்றடிக்குப் புதிதாகப் போட்ட சீமெந்து காய்ந்த அன்று, பெரியம்மா குசினியிலிருந்து ஊறுகாய்க்கு வைத்திருந்த ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். அது மெல்ல ஆடி, எங்கள் பக்கம் உருண்டது. "பாத்தியளே, மேசனைப் பிடிச்சுத் தன்ரை பக்கம் சரிச்சுப்போட்டாள்!" என்று ஊர் கேட்கக் கத்தினார். அம்மா விடுவாரா? "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், மட்டமாப் போடட்டும்" என்றார். "மட்டமாப் போட்டால் தண்ணி எங்கையம்மா போறது?" என்று கேட்ட மேசனை இரண்டு பேரும் சேர்ந்து ஏசி, மட்டமாகவே திருப்பிப் போடவைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த நேரம் மட்டுந்தான்.

பூமியே சாய்ந்துதான் சுற்றுகிறது, அந்தச் சாய்வால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். வீட்டிலும் பொழுது சாயும், அப்பா "கொஞ்சம் சாயுறன்" என்று பாயைத் தேடுவார். சாயாமல் நின்றது எங்கள் கிணற்றடி ஒன்றுதான். தேங்கிய தண்ணீரைத் தள்ளுகிற வேலை என் தலையில் விழுந்தது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் ஏச்சு. சீ, என்ன சீவியம் அது!

ஒரு மாரியில் பெரியம்மா, தண்ணீர் தேங்கிப் படர்ந்த பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "ஐயோ, என்ரை அக்கா!" என்று அம்மா ஓடிப்போய் அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். அடுத்த கிழமையே மேசனைக் கூப்பிட்டு, "அக்காவின்ரை பக்கம் சரிச்சு விடுங்கோ" என்றார். பெரியம்மா அதன்பிறகு எழும்பி நடக்கவில்லை. செழித்த தன் வாழைகளை யன்னலால் பார்த்தபடி கிடந்தார்.

இப்போது பெரியம்மா இல்லை. அவரின் பிள்ளைகள் கனடாவில். அந்த வளவில் ஒரு வாழைகூட இல்லை, வெறும் பற்றைதான். எனக்கும் முதுகு நிமிர்வதில்லை, அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் கண் தெரியாத அம்மாவைக் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தித்தான் குளிக்க வார்க்கவேண்டும். குளியலறைக்கு வரவே மாட்டார். ஊற்றிய தண்ணீர் ஓடி முடியும்வரை காது கொடுத்தபடி இருப்பார்.

"அக்காவின்ரை பக்கம் போகுதே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"வாழை என்னமாதிரி நிக்குது?"

"பச்சையா நிக்குது அம்மா" என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டிவிடுகிறேன்.