ஹேமாவதி திருப்பி வாங்கிய ஆய்வேடு

அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருந்த வேல்பாண்டிக்கு, மகள் என்ன படிக்கிறாள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால்தான் ஆச்சரியம்! ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகும் நாமெல்லாம் எப்படி மிஞ்சினோம், கண்ணில் படாமல் நம்மைவிட ஐந்து மடங்கு எடையோடு கிடக்கும் கரும்பொருள் எங்கிருந்து வந்தது, இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றேதானா? இதுதான் ஹேமாவதியின் ஆய்வு. சூப்பர்சிம்மெட்ரி எனும் மீச்சமச்சீர்க் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் மல்லுக்கட்டினாள், தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே.

வேல்பாண்டிக்குத் தெரிந்ததெல்லாம் மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்பதுதான். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், அதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கையில் அந்தப் பாழாய்ப்போன பிழை கண்ணில் பட்டது. ஆதியில் வெளியெங்கும் பரவியிருந்த ஓர் ஆற்றல் புலம் கட்டி கட்டியாக உடைந்து, அந்தக் கட்டிகள் சிதையும்போது பொருளும் கரும்பொருளும் ஒருசேரப் பிறக்கும் என்பது அவள் கணக்கு. அதில் பெருக்க வேண்டிய ஓர் எண் விட்டுப்போயிருந்தது. திருத்திப் பார்த்தால், ஐந்து மடங்கு வரவேண்டிய கரும்பொருள் ஐந்நூறு மடங்கு வந்து நின்றது. அப்படியொரு பிரபஞ்சமே கிடையாது. ஒன்பது வருடமும் போயே போச்சு.

வழிகாட்டி வைகுண்டராஜிடம் ஓடினாள். "ஆய்வேட்டப் படிச்ச தேர்வாளர்களே கண்டுபிடிக்கல, இனிமே யாரும்மா பாக்கப் போறாக? பேசாம முடி. அப்பாவ நெனச்சுப் பாரு," என்றார் அவர்.

நினைத்தாள். அன்று முழுக்க அதையேதான் நினைத்தாள். ஆனாலும் தப்பென்று தெரிந்த கணக்குக்குக் கீழே அவளால் கையெழுத்து வைக்க முடியவில்லை. மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "முடிஞ்சிருச்சா ஆத்தா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"டாக்டரா?"

"டாக்டர்தான்ப்பா."

சிரித்தார். விடிந்ததும் உயிர் போய்விட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போயிருந்த சித்தப்பா கர்ணன் அச்சகத்திலிருந்து போன் போட்டார். "ஆத்தா, ஓம் பேருக்கு முன்னால முனைவர்னு போடச் சொல்லிட்டேன். அண்ணன் நேத்து நர்சுககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக."

"வேணாம் சித்தப்பா. வெறும் ஹேமாவதின்னு போடுங்க. நான் இன்னும் டாக்டர் ஆகல."

"அப்ப அண்ணன்கிட்டச் சொன்னது?"

"பொய் சித்தப்பா."

அப்புறம் அச்சகத்துக்காரனிடம் அவர் உடைந்த குரலில் சொல்வது மட்டும் கேட்டது. "ஏலே, அந்த முனைவர எடுத்துரு. மகள்னு மட்டும் போடு."