நான் நோயாளியாக உட்கார்ந்த தேர்வு

நோயாளிகள் சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்வார்கள், துருவிக் கேளுங்கள் என்று உணவியல் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். வெட்கக்கேடு, அவர்களுடைய செய்முறைத் தேர்வில் நானே பொய் சொன்னேன்.

பீளமேட்டில் எங்கள் கல்லூரிக்கு நோயாளியாக நடிக்க வரவேண்டியவர் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன்; முந்தின நாள் நான் சாப்பிட்டதை உள்ளபடி சொன்னால் போதும்.

"ஏனுங்க சார், நேத்துப் பூரா என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று மாணவி, எவ்வளவு என்று சொல்வதற்காக அளவுக் கரண்டிகளைக் காட்டிக் கேட்டாள்.

பக்கத்தில் வெளியூர்த் தேர்வாளர். கௌரவம் பார்த்து, "காலையில மூணு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கஞ்சி" என்றேன். அவள் அப்படியே எழுதிக் கணக்குப் போட்டாள்.

தேர்வாளர் தாளைப் பார்த்தார், பிறகு என் தொப்பையைப் பார்த்தார். "இத்தனூண்டு சாப்பிடறவருக்கு இந்த வயிறு எப்படிம்மா வந்துச்சு? துருவிக் கேக்கவே இல்லையே. பாஸ் போட முடியாது."

அவள் கண் கலங்கியது. வேறு வழியில்லாமல், பேக்கரியில் தின்ற இரண்டு தேங்காய் பன்னையும், கல்யாணப் பந்தியில் கேட்டு வாங்கிய ஜிலேபிகளையும் ஒப்புக்கொண்டேன். அவள் மறுபடி கணக்குப் போட்டாள். பாஸ்.

வெளியே வந்ததும், நன்றி சொல்வாள் என்று நின்றேன்.

"பொய் சொல்றதுன்னா வயித்தையாவது உள்ள இழுத்துக்கோணுங்க சார்" என்றாள்.