நூற்று அறுபத்தெட்டுத் துண்டுகள்

அந்த அளவீட்டுக்கூடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. யாராவது "சரியா இருக்கு" என்றால், "சரின்னு யார் சொன்னது?" என்பாள். புது ஸ்கேல் வந்தால் பழைய ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் மேசைக்கு ஏற்றுவாள். கணவர் மாத்திரை போட்டாயிற்று என்று சொன்னால் அட்டையில் எத்தனை காலியாகியிருக்கிறது என்று எண்ணுவாள்.

"நான் செத்தாக்கூட நீ நாடி பாத்துட்டுத்தான் அழுவே" என்பார் அவர்.

"பின்னே? அழுது முடிச்சப்புறம் எந்திரிச்சு உக்காந்தீங்கன்னா?"

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய அங்கே சேர்ந்தவள். தான் அடிக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சந்தேகம் வந்து, அலசல் மென்பொருளின் உதவிப் பக்கங்களை மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாம் வருடம் தட்டச்சை வேறொருவர் பார்த்துக்கொண்டார். கிரேன்களின் இரும்பு உத்திரங்கள் பாரத்தில் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கும் வேலை அவள் கைக்கு வந்தது. உத்திரத்தில் நகத்தளவு கேஜ் ஒன்றை ஒட்டுவார்கள். இரும்பு இழுபட்டால் அதுவும் இழுபடும். பதிவுக்கருவி அதை நொடிக்கு நூறு புள்ளிகளாக, மணிக்கு ஒரு ஃபைலாக எழுதிக்கொண்டே போகும். அந்தத் துண்டுகளை ஒன்றாக இணைத்தால் ஒரே நீளக் கோடு.

இப்போது வந்திருந்தது இரும்புக் கிடங்கின் பெரிய கிரேன். ஒரு வாரப் பதிவு, நூற்று அறுபத்தெட்டுத் துண்டுகள். மறுநாள் காலையிலிருந்து அது இருபது டன் தூக்கலாமா என்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுபவன் அவளுடைய தம்பி.

இணைத்துக் கொடுத்தவர் புதிதாக வந்த பொறியாளர். எதையும் சீக்கிரம் முடிப்பதால் அவர் பெயர் வேகம். திரையில் கோடு ஓடிற்று. பாரம் தூக்கும்போது ஏறி, இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்து, வாரம் முழுவதும் சமர்த்தாக இருந்தது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் முன்பு தம்பி வீட்டுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்: "பிரேக்க விட்டா டிராலி தானா நடுவுக்கு உருளுதுக்கா. அதுக்கும் என்னை மாதிரி சோம்பேறித்தனம் வந்துடுச்சு." உத்திரத்தின் மேல் ஓடும் டிராலி தானாக உருளுகிறதென்றால் உத்திரத்தின் நடுவில் பள்ளம். பள்ளம் இருந்தால் கோட்டில் எங்காவது தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் அவள் மனதில் முள்ளாகக் குத்திற்று. வேகம் போன வருடம் வரை அதே இரும்புக் கிடங்கில் சம்பளம் வாங்கியவர்.

"சார், எங்கே வெட்டுனீங்க?"

"எதைக்கா?"

"கோட்டைத்தான். மோசமான மணி நேரம் ஏதாவது விழுந்து போச்சா?"

அவர் முகம் சிவந்தது. "நான் என்ன ஜேப்படித் திருடனா? எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். ஆறு கோடியே நான்கு லட்சத்து எண்பதாயிரம் புள்ளிகள். ஒன்று கூடவில்லை, குறையவில்லை. துண்டுகளின் நேரங்களைப் பார்த்தாள். வரிசை பிசகவில்லை. அவர் கை சுத்தம் என்பதே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"வேற ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"செய்முறைத் தாள்ல இருக்கறதுதான். ஒவ்வொரு துண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கி, அப்புறம் இணைக்கணும். நீங்க எழுதின தாள்தானேக்கா."

அவள் எழுதியதுதான். ஆறு வருடங்களுக்கு முன், வெயிலில் இரும்பு நீண்டு சுருங்குவதால் கோடு நாள்தோறும் அலையாய் ஏறி இறங்குகிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். மணிக்கொன்றாக வெட்டிய ஒவ்வொரு துண்டின் சராசரியையும் கழித்துவிட்டால் அந்த அலை போய்விடும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எத்தனை முறை பாரம் ஏறியது என்று எண்ணுவதற்கு அது போதும். அன்றிலிருந்து கூடத்தில் எல்லோரும் அப்படியே செய்தார்கள். அதை மட்டும் அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மூலத் துண்டுகளை எடுத்து, எதையும் கழிக்காமல் இணைத்தாள். வெயிலின் அலை திரும்ப வந்தது. தினமும் காலை நான்கு மணித் துண்டை மட்டும் தனியே பிரித்தாள். வெயில் இல்லாத, கிரேன் காலியாக ஓரத்தில் நிற்கும் நேரம். ஏழு துண்டுகளையும் அடுத்தடுத்து ஒட்டினாள்.

படிக்கட்டு. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஒரு படி மேலே. ஒவ்வொரு மணி நேரத்தையும் தரைக்கு இறக்கியபோது, இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி வராமல் நின்ற தூரத்தையும் சேர்த்தே துடைத்திருக்கிறார்கள்.

வேகம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "கேஜ் ஒட்டின பசை நழுவியிருக்குமோ?"

"நானும் அதைத்தான் முதல்ல நினைச்சேன். பசை நழுவுனா இழுப்பு குறையும், கோடு இறங்கும். இது ஏறுது. கடைசி மூணு நாள் படி உயரமும் கூடுது."

மேலாளர் அறையில் அந்தப் படிக்கட்டின் படத்தை வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கிரேனை நிறுத்துன்னு சொல்றது விளையாட்டில்லைம்மா. உன் தம்பிங்கறதால பயப்படறியோன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். தப்பு என் தாள்லதான்னு அறிக்கையில முதல் வரியா எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

அவர் படித்துவிட்டுக் கிடங்குக்குப் பேசினார். கால் மணி நேரத்தில் தம்பி போனில் வந்தான்.

"ஏன்க்கா, இத்தனை வருஷம் வீட்டுல சந்தேகப்பட்டது போதாதா? ஆளுங்கல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கறானுங்க. அக்கா முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்கறான்."

"சிரிச்சிட்டுப் போறான். மேல ஏறாதே. நடுவுல, அடிப்பக்கம் பெயிண்டைச் சுரண்டிப் பாக்கச் சொல்லு."

மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி பேசினான். சிரிப்பில்லை. பற்றவைப்பின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்ததாம். "பேனாக்கத்தி முனை உள்ளே போகுதுக்கா" என்றான்.

போன் பேசி முடித்ததும் அலமாரியைத் திறந்து, ஆறு வருடத்து அறிக்கைகளில் அந்தச் செய்முறைப்படி செய்தவற்றை உருவினாள். பதினொரு கிரேன்கள். கட்டாகக் கொண்டுபோய் வேகத்தின் மேசையில் வைத்தாள்.

"நேத்து உங்களைக் கேட்டது என் தப்பு சார். மனசுல வெச்சுக்காதீங்க. இதெல்லாத்தையும் மூலத் துண்டுலேர்ந்து நீங்க மறுபடி இணைச்சுப் பாக்கணும்."

"நீங்களே பாக்கலாமேக்கா. என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும்?"

"நான் பாத்தா நான் செஞ்சது சரின்னுதான் தோணும். ஆறு வருஷம் அப்படித்தானே தோணிச்சு?"

அவர் மேலே இருந்த கோப்பைப் பிரித்தார். அவள் தன் இடத்துக்குப் போய், போனை இழுத்து வைத்து, பதினொன்றில் முதலாவதாக இருந்த தொழிற்சாலையின் எண்ணை அழுத்தினாள்.