இறால் முட்டை டப்பா

சாத்தூர் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் பட்டாசு ஆலைத் தொழிலாளி. வெடிமருந்து அறைக்குள் போகுமுன், பொறி தட்டிவிடாமலிருக்க, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவார்களே, அந்தப் பழக்கத்தில் எதையும் எடுக்குமுன் இருக்கைக் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

"டப்பால என்ன?" என்றார் என் மடியைப் பார்த்து, முறைப்பாக.

"இறால் முட்டை. முட்டையைச் சுத்தி ஒரு உறை கெட்டியாகும். அதைக் கெட்டியாக்குற நொதியைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்."

"கெட்டியாகலைன்னா?"

"உள்ள இருக்கிற உயிரு செத்துரும்."

கம்பியைத் தொட்டுவிட்டு டப்பாவை வாங்கிப் பார்த்தார். முழங்கை வரை வெந்த தழும்பு.

"இறாலு தோலைப் பாக்க ஆளு இருக்கீக. எங்க தோலு வேகுதே, அதைப் பாக்க எவன் வாரான்?"

நான் வாய் திறந்தேன்.

"பேசாதீக."

டப்பாவைத் திருப்பி என் மடியில் வைத்தார். அத்தனை வெறுப்போடு ஒரு பொருளை அவ்வளவு மெதுவாக வைத்தவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.