உம்மணாமூஞ்சி சீட்டு

என் பெரியம்மா மகள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை இருக்கைக்காகப் பிள்ளைகள் தினமும் சண்டை போடுவார்கள். முடியைப் பிடித்து இழுப்பது, தண்ணீர் பாட்டிலால் அடிப்பது எல்லாம் உண்டு. ஒருநாள் அக்கா வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே மூஞ்சி தொங்கிப்போய் வர்ற ஆளுக்குத்தான் முன் சீட்டு. ஏன் தொங்குதுன்னு யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

சண்டை நின்றது. உம்மணாமூஞ்சி சீட்டு என்று அதற்குப் பேரும் வந்தது. கொஞ்ச நாள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏறினார்கள். "நடிகருங்கல்லாம் பின்னாடி" என்பாள் அக்கா. பையை எப்படிக் கழற்றிப் போடுகிறார்கள் என்பதை வைத்தே நிஜத்தையும் நடிப்பையும் பிரித்துவிடுவாள். முன்னால் உட்கார்ந்த பிள்ளை சில நாள் தானாகப் பேசும். சில நாள் சாலையைப் பார்த்தபடியே வந்து இறங்கிவிடும். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோடை விடுமுறையில் பின் இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சாமான் ஏற்றுவாள். வீடு மாறுகிறவர்களின் கட்டில், கடையிலிருந்து போகும் சோபா, இப்படி. தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து வேலையில்லாமல் இருந்த நான் ஒரு கை கொடுக்கப் போனேன். "பாஸ்போர்ட் தூக்கின கைக்கு பீரோ கனமாத்தான் இருக்கும்" என்பாள்.

காலையில் வேன் கழுவும் நேரத்துக்குச் சில்வண்டு வரத் தொடங்கினாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் ஒரே மகள், ஒன்பதாவது முடித்திருந்தாள். வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது என்பதால் பிள்ளைகள் வைத்த பேர் அது. இப்போது ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா அவள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கழுவாமல் விட்டாள். நாங்கள் லோடு எடுக்கக் கிளம்பும்போது இறங்கிப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

"என்னன்னு கேளேன்" என்றேன்.

"சட்டம் போட்டவளே மீறினா அப்புறம் எவ மதிப்பா?"

விடுமுறை பாதி கழிந்திருக்கும். ஒரு காலை சில்வண்டே வாயைத் திறந்தாள்.

"அக்கா, அடுத்த வருஷம் நான் வேன்ல வரலைன்னா என்னை மறந்துடுவீங்கல்ல?"

"ஏன், எங்க போற?"

"எங்கயும் இல்ல. சும்மா."

அன்றைக்கு அக்கா ஒரு பீரோவை ஏற்றிக்கொண்டு, திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போனாள். வண்டியைத் திருப்பி வந்து மறுபடியும் தாண்டினாள்.

"ஸ்கூல் இருந்தா, நான் கேக்காம விட்டாலும் வேற நாலு பேரு கண்ணுல படும்" என்றாள். "காலையில அழுத புள்ள சாயங்காலம் பின் சீட்டுல எவனோடயாவது மல்லுக்கு நிக்கும். இப்ப இவ இங்கேருந்து இறங்கி எங்க போறா? ஆளில்லாத வீட்டுக்கு. அந்தச் சட்டம் லீவுக்குப் போட்டதில்ல. எனக்கு உறைக்கவே இல்ல பாரு."

மறுநாள் காலை குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நம்ம சட்டத்துக்கு விரோதம்தான். உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சில்வண்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. ஸ்கூல் திறக்காமலே இருந்தா போதும்னு இருக்கு. தூக்கம் வரல." பக்கத்துக் கண்ணாடியில் விரலால் கோடு போட்டபடி சொன்னாள். "என் பிரெண்ட்ஸ் செட்டு இருக்குல்ல. லீவு விட்டதும் போன்ல புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. என்னைச் சேர்க்கல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அந்தச் சத்தியம் மட்டும் கேக்காத. சொல்லத்தான் போறேன். உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன், உன்கிட்ட சொல்லிட்டே சொல்றேன்."

சில்வண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். வேன் அதிர்ந்து அடங்கியது.

"போச்சு. இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டா" என்றாள் அக்கா. ஆனாலும் மருந்துக்கடைக்குப் போனாள், நானும் கூடப் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா கையிலிருந்த மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டார். "தினமும் கேக்கறேனேம்மா. வந்ததும் கேக்கறேன், சாப்பிடறப்ப கேக்கறேன், படுக்கறப்ப கேக்கறேன். பெத்தவகிட்ட சொல்லாதது வேன்காரிகிட்ட சொல்லுவாளா?"

வேன்காரி என்ற சொல்லை அக்கா கண்டுகொள்ளவில்லை. "நீங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கறீங்க. நான் ரோட்டப் பாத்துட்டு இருப்பேன். அவ்வளவுதாங்க வித்தியாசம். நாளைக்கு லீவு போட்டுட்டு அவளோட வண்டில வாங்க. நீங்க பின்னாடி. வாயத் திறக்கக் கூடாது."

"வழி முழுக்கவா?"

"இருமல் வந்தா இருமிக்கலாம்."

மறுநாள் கழுவிய வேனையே அக்கா மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் தாயும் மகளும் தெரிந்த பிறகுதான் குழாயை மூடினாள். சில்வண்டு அவளைப் பார்க்காமலே முன் சீட்டில் ஏறினாள். பின்னால் ஒரு புதுச் சோபா, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதில் அந்த அம்மா விறைப்பாக உட்கார்ந்தார். நான் கீழே, வேனின் தரையில்.

அக்கா சுற்றுப்பாதையில் போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அம்மா பேச வாயெடுப்பார், நான் வேண்டாமென்று தலையாட்டுவேன், கைக்குட்டையைக் கடித்துக்கொள்வார். வெகுநேரம் கழித்து முன்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்?"

"நீ என்கிட்ட சொன்னது வரைக்கும்" என்றாள் அக்கா, சாலையைப் பார்த்தபடி.

இன்னும் இரண்டு தெரு போயிற்று.

"அவளுங்க எங்கயாவது போய் போட்டோ போடறப்பல்லாம், நீயும் போயிருக்கலாமேன்னு அம்மா கேக்கறாங்க. கூப்பிடலேன்னு சொன்னா, நீ என்ன பண்ணேன்னு கேப்பாங்க. நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியலக்கா."

பின்னால் பிளாஸ்டிக் உறை மட்டும் முனகியது. பிறகு அந்த அம்மா மெதுவாக, "இப்ப பேசலாமா?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்க. முன் சீட்டைக் கேளுங்க."

சில்வண்டு திரும்பவில்லை. "ம்" என்றாள்.

"இனிமே நான் அப்படிக் கேக்க மாட்டேன்டி."

சோபா போகவேண்டிய வீடு வந்துவிட்டது. வண்டி நின்றதும் சில்வண்டு சீட்டுகளுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாக நுழைந்து பின்னால் போனாள். நான் இறங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"சோபாதானே? இறக்குங்க."

"ஒரு நிமிஷம் சார். டயர்ல காத்து கம்மியா தெரியுது, பாத்துடறேன்."

காற்றுப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தோம். அக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தாள். கடைசி டயருக்கு வந்தபோது உள்ளே சில்வண்டின் குரல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது, அழுகையும் நடுநடுவே. அக்கா எழுந்து போய் மறுபடியும் முதல் டயரிலிருந்து தொடங்கினாள்.