பத்மினி கார் டிக்கியில் ஏறி உட்கார்ந்தேன்

மழையில் நனைந்த ரோட்டு வாசனையும் டயர் தேயும் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும் பாருங்க... குமுளி மலை ரோட்டில் அன்றைக்கு வந்த அந்த வாசனையை நினைத்தால் இப்பவும் உடம்பு சிலிர்க்கிறது!

கல்யாணமான புதுசு. கம்பம் ஊரில் வாடகைக்கு ஓட்ட எங்க வீட்டுக்காரர் பழைய கார் பார்த்தார். ரெண்டு கார் விலைக்கு வந்தது.

அம்பாசிடர் ஆனை மாதிரி. எத்தனை பேரை ஏற்றினாலும் அசையாது. அவருக்கு அதுதான் பிடித்தது.

நீலக் கலர் பத்மினி சிட்டு மாதிரி. சின்னச் சந்திலும் வெடுக்கென்று திரும்பும். எனக்கு அதுதான்!

மனசுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. எந்தக் கார் என்றாலும் நானும் கூடப் போகணும். வாடகைக் காரில் பெண்டாட்டிக்கு ஏது இடம்? கேட்க வாய் வரவில்லை.

"ரெண்டையும் மல ஏத்திப் பாப்பம். நல்லா ஏறுறத வாங்குவம்" என்றார்.

அம்பாசிடரை அவர் எடுத்தார். பத்மினியை எங்க அண்ணன் ஓட்ட, பக்கத்தில் நான். முன்னாடி பறந்தோம்! ஒரு வளைவில் லாரி இறங்கி வந்தது, நிறுத்தினோம். அப்புறம் வண்டி ஏறவே இல்லை. ஈரத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

அம்பாசிடர் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னா மச்சான், ஒங்க ராணி ஏற மாட்டேங்குறாகளா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இறங்கி ஓடி டிக்கியைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"ஏத்தா, விழுந்துறாத!"

"நீ போடுண்ணே கியர!"

என் கனத்தில் சக்கரம் ரோட்டைப் பிடித்தது. ஏறிவிட்டது! காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நான் கத்தின கத்து...

மேலே போனதும் அவர் வயிறு வலிக்கச் சிரித்தார்.

"அம்பாசிடரு தானா ஏறுது. ஆனா பத்மினிய வாங்குவம் புள்ள. குமுளில ஆள் ஏத்தக் காலியாப் போறப்ப பின்னால கனம் வேணும்ல... நீ வந்துரு."

அப்படித்தான் எத்தனையோ மழைக்காலம் நான் அந்த மலையைப் பார்த்தேன்.

அவர் போய் நாலு மாசம் ஆகிறது. போன வாரம் மகன் புதுக் காரில் குமுளிக்குக் கூட்டிப்போனான். நல்ல மழை. இந்தக் காரை முன்சக்கரம் இழுக்குமாம். ஒரு குலுக்கல் இல்லை, சொகமாக ஏறியது.

அந்த வளைவு வந்தபோது பின்சீட்டில் இருந்த நான் என்னை அறியாமல் அழுத்தி உட்கார்ந்தேன்.

"சாஞ்சுக்கம்மா, அது பாட்டுக்கு ஏறும்" என்றான் மகன்.